என் கையைத் திருத்தாதீர்கள்

நான் குண்டாக இருந்தவரை என் உடம்பைப் பற்றி யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. இளைத்த பிறகுதான் கேட்கத் தொடங்கினார்கள்.

நூற்று நான்கு கிலோ இருந்தேன். நாற்பது வயதில் முட்டிவலியும் சர்க்கரையும் சேர்ந்து வந்தன. விருதுநகர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இப்படியே போனால் பஸ் படிகூட ஏற முடியாது என்றார். இரண்டு வருடம், விடிந்ததும் ஆமத்தூர்க் கண்மாய்க் கரையில் நடந்தேன். சோற்றைப் பாதியாக்கினேன். முப்பத்தெட்டு கிலோ போனது. தோல் போகவில்லை.

வயிற்றில் அது மடிந்து தொடைமேல் கிடந்தது. மேல்கையில் தொங்கியது. எங்கள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறைக்குள் கரண்டும் கிடையாது, ஃபேனும் கிடையாது. தரையில் உட்கார்ந்து பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைப்பேன். வேர்வை மடிப்புக்குள் இறங்கிச் சிவந்து புண்ணாகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கம்பெனி வேனில் ஏறும்போதே ஒரு கேள்வி வரும்: "என்னக்கா, சக்கரை முத்திப்போச்சா?"

அந்தக் கேள்விக்குப் பயந்து முழங்கை தாண்டிய ஜாக்கெட்டுகள் தைத்துக்கொண்டேன். வயிற்றை இழுத்துக் கட்ட பஜாரில் ஒரு பெல்ட் வாங்கினேன். நைலான் பெல்ட். கம்பெனிக்குள் பருத்தித் துணி மட்டும்தான் உடுத்தலாம். நைலான் உரசினால் பொறி பறக்கும், மருந்துக்கு அது போதும். வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போவோம். பதினைந்து வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தேதான் கட்டினேன். மேலே சேலை பருத்திதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டில் சோதனை போடும் அம்மா செல்போனையும் தீப்பெட்டியையும் தேடுவாரே தவிர, வயிற்றைத் தடவிப் பார்க்கமாட்டார்.

மாசி மாதம், காற்றில் ஈரமே இல்லாத ஒரு சாயங்காலம், வீட்டில் பெல்ட்டை உருவினேன். சடசடவென்று சத்தம். கையில் இருந்த முடியெல்லாம் எழுந்து நின்றது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அறையில் என்னோடு இன்னும் மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள்.

மறுநாள் வேலை தொடங்கும் முன்பு, மரத்தடியில் மூவரையும் நிறுத்திச் சொன்னேன். அவர்களில் இளையவள், இரண்டு பிள்ளைக்காரி, என் முகத்தையே பார்த்தாள்.

"தொப்பை தெரியக் கூடாதுன்னு எங்க உசுர வச்சா வெளையாடுனீக?"

போர்மேனிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர் ஒரு வாரம் என்னை மருந்தறைக்குள் விடாமல் லேபிள் ஒட்டப் போட்டார். இளையவள் பங்குனி முடியும்வரை என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயம்.

லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் யோசித்தேன். நாலு பேர் உயிரைப் பணயம் வைத்து நான் எதை மறைத்தேன்? திருடினதையா? நடந்து நடந்து இளைத்ததைத்தானே. அந்த வாரமே ஜாக்கெட்டுகளை எல்லாம் டெய்லரிடம் கொடுத்துக் கையைக் குறைக்கச் சொன்னேன். மடிப்புக்குள் வைக்கப் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துக்கொண்டேன். அடுத்த முறை வேனில் கேள்வி வந்தபோது, "சீக்கெல்லாம் இல்ல. கொளுப்பு காலி பண்ணிட்டுப் போயிருச்சு, வீடு மட்டும் கெடக்கு" என்றேன். வேனே சிரித்தது. அதன்பிறகு கேட்பவர்கள் குறைந்தார்கள்.

சித்திரையில், எம். புதுப்பட்டியில் இருக்கும் என் நாத்தனார் தன் மகளுக்குச் சடங்கு வைத்தாள். தாய்மாமன் பெண்டாட்டி என்பதால் சீர்த்தட்டோடு முன்னால் நிற்க வேண்டியவள் நான். முந்தின நாள் நாத்தனார் போன் செய்து, வீடியோ எடுக்கிறார்கள், கை முழுசாக மூடுகிற மாதிரி போட்டுக்கொண்டு வரச் சொன்னாள். நான் குட்டைக் கைதான் போட்டுக்கொண்டு போனேன். பிள்ளைக்கு மாலை போட இரண்டு கையையும் தூக்கியபோது தோல் ஆடியது எனக்கே தெரிந்தது. முன்வரிசையில் சிலர் பார்வை அங்கேயே நின்றது. நான் அவசரப்படவில்லை. மாலையை நேராக்கி, பிள்ளையின் நெற்றிச்சுட்டியையும் சரிசெய்துவிட்டுத்தான் கையை இறக்கினேன்.

ஆல்பம் அச்சுக்குப் போகும் முன்பு ஸ்டுடியோவில் இருந்து படங்கள் நாத்தனாரின் போனுக்கு வந்தன. அவள் எனக்கு அனுப்பினாள். மாலை போடும் படத்தில் என் தோளில் யாரோ ஒருத்தியின் கை ஒட்டியிருந்தது. வழவழவென்று, இருபது வயதுக்காரியின் கை.

சிவகாசிக்கு பஸ் ஏறினேன். ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் தன்மையான ஆள்தான். எல்லாருக்கும் இப்படித்தான் செய்து கொடுப்போம், உங்கள் வீட்டிலும் சொன்னார்கள் என்றார்.

"எடுத்தது எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருங்க தம்பி" என்றேன்.

"பாக்க நல்லா இருக்காதுக்கா."

"நல்லா இருக்குமா இருக்காதான்னு நான் கேக்கலையே. ரெண்டு வருசம் நடந்து சம்பாதிச்ச கை அது. அதை வைங்க."

அவர் முதலில் எடுத்த படத்தைத் திறந்து, என் கண் முன்னாலேயே மாற்றினார். நாத்தனாருக்கும் நானே போன் போட்டுச் சொன்னேன். "ஒங்க இஷ்டம் மதினி" என்றாள்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த ஆல்பத்தைக் காட்டுகிறாள். அந்தப் பக்கம் வரும்போது மட்டும் சற்று வேகமாகப் புரட்டுவாள். நான் பக்கத்தில் இருந்தால், அவள் புரட்டிவிடாதபடி விரலை வைத்துக்கொள்வேன்.