கோட்டு கறுப்பாத் தெரியணும்

"பதினெட்டு, பத்தொன்பது, இருபது..."

டிஸ்க்கை உள்ளே தள்ளியதிலிருந்து திரையில் படம் வருகிற வரைக்கும் உரக்க எண்ணுவது கங்காவின் வழக்கம். முப்பதுக்குள் வந்தால் மரியாதை. நாற்பதைத் தாண்டிவிட்டால், "தூங்கிக்கினு கீது பாரு, சோம்பேறி" என்று அந்த புளூ-ரே பிளேயரின் மண்டையில் ஒரு குட்டு வைப்பாள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்ரீதரின் பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடை. அதில் கங்காவுக்கு ஒரு மேஜை, ஒரு டிவி, இரண்டு சுருள் ஸ்டிக்கர். பச்சை ஒட்டினால் விற்பனைக்கு, சிவப்பு ஒட்டினால் உதிரி பாகத்துக்கு. அதற்கு முன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் தரம் பார்க்கும் க்யூசி லைனில் நின்றவள். "சூப்பர்வைசரே வந்து கண்ண மூடிக்கினு பாஸ் பண்ணுன்னாலும் பண்ண மாட்டேன்" என்று இன்றைக்கும் பெருமை பேசுவாள். அந்த வாயால்தான் அவளுக்கு ஓவர்டைம் கிடைக்காமல் போனது என்பது அவள் ஊர் மண்ணூர் முழுக்கத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

பெட்டி எவ்வளவு கனம் என்று பார்க்க மாட்டாள். ட்ரே உள்ளே போகும்போது காதை வைத்து மோட்டார் சத்தம் கேட்பாள். டிவி வயரைச் செருகி நாலு ஆட்டு ஆட்டுவாள். ரிமோட்டின் ஒவ்வொரு பொத்தானையும் அமுக்குவாள். புதுசில் இதன் விலை என்ன தெரியுமா என்று யாராவது ஆரம்பித்தால் போச்சு. "புதுசுல இன்னா வெலையா இருந்தா எனக்கு இன்னா? இன்னிக்கி ஒழுங்கா ஓடுதா, அத்த சொல்லு."

இதில் ஒரு கூத்து உண்டு. சோதித்துப் பார்க்க அவள் வைத்திருக்கும் டிஸ்க் அவளுடைய சொந்தக் கல்யாண வீடியோ. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டுடியோக்காரர் போட்டுக் கொடுத்தது. கல்யாணம் என்னவோ ஒன்றரை வருஷம்கூட ஓடவில்லை. "வேலய வுடு, இல்லாட்டி என்ன வுடுன்னான். நல்ல வேல, எப்பிடி வுட்றது?" என்று சிரிப்பாள்.

"அந்தக் கருமத்த எரிச்சித் தொலையேன்டி" என்று அக்கா சரோஜா தலையில் அடித்துக்கொள்வாள். கங்கா கேட்டால்தானே! "ரிசப்ஷன்ல அவன் ஒரு கோட்டு மாட்டிக்கினு நிக்கிறான் பாரு, அப்பிடி ஒரு கறுப்பு எந்தப் படத்துலயும் கெடையாது. பக்கத்துல என் செவப்புப் பட்டு. பின்னால பொகை வேற வுடறாங்க. மட்டமான மெஷினு அந்த எடத்துல மாட்டாம போவாது."

ஆரம்பத்தில் வலிக்கத்தான் செய்தது. முதல் மாதம் அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் ஓரக்கண்ணால்தான் பார்ப்பாள். பிறகு எப்போதோ அவன் முகம் கண்ணில் படாமல் போய், கோட்டு மட்டும் மிஞ்சியது.

போன சனிக்கிழமை பிள்ளைப்பாக்கத்து ஜாஸ்மின் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு கடைக்கு வந்தாள். அவள் கையிலும் ஒரு கல்யாண டிஸ்க். "எங்கப்பா போன வருசம் தவறிட்டாருக்கா. இதுல கடேசிலதான் வராரு. எங்க வூட்டு மெஷினு கரெக்டா அங்க வந்து நின்னுடுது."

ஸ்ரீதர் மூடிப்போன ஒரு கெஸ்ட் ஹவுஸிலிருந்து இருபது பிளேயர்களை மொத்தமாக வாரிக்கொண்டு வந்திருந்தார். துடைத்து அடுக்கியதில் எல்லாம் பளபளவென்று இருந்தன. ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். கங்கா தன் டிஸ்க்கைத் தள்ளிவிட்டு எண்ணினாள். இருபத்திரண்டில் படம் வந்துவிட்டது. தாலி கட்டும் வரை வழுக்கிக்கொண்டு ஓடியது. டிஸ்க்கின் கடைசியில் இருக்கும் ரிசப்ஷனுக்குத் தாவினாள். கோட்டு கட்டம் கட்டமாக உடைந்து, படம் அப்படியே நின்றது.

"முக்கா டிஸ்க்கு ஓடும்மா. பச்சைய ஒட்டு" என்றார் ஸ்ரீதர்.

"அவங்கப்பா கடேசிலதான வராரு அண்ணா?"

"இருபதுக்கும் பச்சை ஒட்டு. முடியாதுன்னா நாளைலேர்ந்து வராத." அவர் முகம் சிவந்துவிட்டது. ஜாஸ்மின் பக்கம் திரும்பி, "மாப்ளய பாத்து எடுக்கத் தெரியல, மெஷின பாக்க வந்துட்டா" என்றார்.

கங்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பத்தெட்டு வயசுப் பெண்ணை இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனி கேட்டிலும் உள்ளே விட மாட்டார்கள். இந்த மேஜையும் போனால் வீட்டில்தான் உட்கார வேண்டும். அது தெரிந்துதான் நிமிர்ந்தாள்.

"ஆமாண்ணா. அப்ப எனக்கு யாரும் போட்டுக் காட்டல. தொடச்சி பளபளன்னு வச்சி தலைல கட்டிட்டாங்க. அதான் நான் யாருக்கும் போட்டுக் காட்டாம குடுக்கறதில்ல."

டிஸ்க்கை வெளியே எடுத்தாள். சிவப்பில் ஒன்றைக் கிழித்து, இனி ட்ரே வாயே திறக்க முடியாதபடி குறுக்கே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டாள். டிஸ்க்கைத் துப்பட்டாவால் துடைத்து உள்ளே தள்ளிவிட்டு, டிவியை ஜாஸ்மின் பக்கம் திருப்பி வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."