கிள்ளானில் ஒரு புளித்த வாய்க்கால்

மழை விட்டதும் நான் கிள்ளானுக்குப் போனது ஊர் பார்க்கும் ஆசையால் என்று எழுதினால், என் வீட்டுக்காரி இந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பு மூட்டிவிடுவாள். கொழுந்தியாள் ராஜம்மாவின் வெற்றிலைக் கொடிக்கால் இரண்டாம் தடவையாகப் பட்டுப்போய்க்கொண்டிருந்தது. "அத்தான் வந்து பார்க்கட்டும்" என்று ஆள் அனுப்பியிருந்தாள். வெற்றிலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதைக் காம்பு கிள்ளிப் போட்டுக்கொள்வது மட்டும்தான். ஆனாலும் மூத்த மாப்பிள்ளை ஆயிற்றே, கிளம்பினேன்.

என்னைப் போன்ற பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் ரயிலடிக்கு நடந்தே போகலாம். எட்டு மணி வண்டியைப் பிடியுங்கள். மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் வேண்டாம். நான் வெள்ளை வேட்டியில் ஏறி, கரி வியாபாரியாக இறங்கினேன். கிள்ளான் இருபது மைலுக்குக் கொஞ்சம் மேல். ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷாவுக்கு இருபது காசு கேட்பான், பன்னிரண்டுக்கு வருவான். நான் பதினைந்து கொடுத்தேன். என் உடம்பைப் பார்த்து அவன் விட்ட பெருமூச்சுக்கு மூன்று காசு.

ராஜம்மாவின் புருஷன், என் சகலை முத்தையா, எஸ்டேட்டில் ரப்பருக்குப் பால்மரம் சீவும் வேலையை விட்டுவிட்டு, ஒரு ரப்பர் ஷீட் கொட்டகைக்குப் பக்கத்தில் துண்டு நிலம் பிடித்திருந்தார். இந்தத் தடவையும் கொடி கைவிட்டால் குடும்பத்தோடு எஸ்டேட் கூலி லயத்துக்கே திரும்ப வேண்டும். போன வருஷம் கண்ணேறு என்று நினைத்துப் பூசணிக்காய் கட்டினார்களாம். பூசணிக்காய் நன்றாகத்தான் இருந்தது. கொடிதான் மஞ்சளாகி, வேர் கறுத்துக் கிடந்தது.

கரியைக் கழுவலாம் என்று நிலத்தோரம் ஓடிய வாய்க்காலுக்குப் போனேன். என்ன தெளிவான தண்ணீர்! பாசி இல்லை, புல் இல்லை, கொசு இல்லை. லேசாக ஒரு புளித்த வாடை. அந்த வாடைக்கான பழியை, கூட வந்த சகலையின் மேல் போட்டுவிட்டேன். கையோடு கொண்டுபோயிருந்த பித்தளைச் சொம்பையும் அலசினேன். களிம்பேறிக் கிடந்த சொம்பு, கல்யாணச் சீர் மாதிரி பளபளவென்று வந்தது.

"ராஜம்மா, இப்படி ஒரு வாய்க்கால் எங்கள் பக்கத்தில் கிடையாதே!" என்று தூக்கிக் காட்டினேன்.

"புளி போட்டுத் தேய்ச்சீங்களா அத்தான்?"

"சும்மா முக்கினேன்."

அவள் சொம்பைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள், செத்த கொடியைப் பார்த்தாள். வேர் வரையில் அவள் பார்வை போய் நின்றபோது எனக்கும் உறைத்தது. கொட்டகையில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்! ஜாடிகளையும் தொட்டிகளையும் கழுவிய தண்ணீர் முழுக்க இந்த வாய்க்காலில்தான் விழுந்து, நிலத்துக்குள் ஊறிக்கொண்டிருந்தது. நான் மெச்சிய சுத்தம் அதுதான்.

ராஜம்மா எங்களைக் கொட்டகைக்கே இழுத்துக்கொண்டு போனாள். கொட்டகைத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனர், தமிழும் மலாயும் கலந்து பேசுபவர். "தண்ணி பெர்சே லா, நல்ல சுத்தம்! கொசுகூட இல்லை" என்றார்.

"கொசுவே பொழைக்காத தண்ணில கொடி எப்படிப் பொழைக்கும் தவுக்கே?" என்றாள் ராஜம்மா, பளபளத்த சொம்பை நீட்டி.

அவர் சிரித்துக்கொண்டே கொட்டகையின் பித்தளைப் பூட்டைக் கழற்றி வாய்க்காலில் முக்கினார். பூட்டு புதுசாகி வந்தது, சிரிப்பு நின்றது. அவர் கொல்லை வாழையும் மஞ்சளாகித்தான் நின்றதாம். மூன்று தடவை ஊதுபத்தி ஏற்றி வேண்டிக்கொண்டாராம். பூசணிக்காய் ஒரு பக்கம், ஊதுபத்தி ஒரு பக்கம். பாவம், இரண்டு வீட்டுச் சாமிகளுக்கும் வீண் அலைச்சல்.

"புளிப்புக்குச் சுண்ணாம்பு" என்றார் தவுக்கே.

"வெத்தலைக்குத் தடவுறதை இனி வெத்தலை மண்ணுக்கே தடவணும் போல" என்றார் சகலை. அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கை.

நான் அங்கே தங்கிய மூன்றாம் நாள் பத்துமலைப் பக்கத்துக் காளவாயிலிருந்து இரண்டு மாட்டுவண்டிச் சுண்ணாம்பு வந்தது. கழிவுத் தண்ணீருக்குக் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். எதிர்ப்பு வந்தது, வாய்க்காலில் பாத்திரம் தேய்த்துவந்த கீழ்ப்பக்கத்து வீடுகளிலிருந்து. "ஓசிப் புளியில சுண்ணாம்பைப் போட்டீங்களே அண்ணே! இனி எங்க பாத்திரத்தை நீங்களா வந்து தேய்ப்பீங்க?" என்று ஓர் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். கையை நீட்டிப் பேசியபோதுதான் பார்த்தேன், உள்ளங்கை முழுக்க வெடிப்பு. அவளும் அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். சட்டென்று மடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாலு மாதம் கழித்து மறுபடி போனேன், இந்தத் தடவை நிஜமாகவே ஊர் பார்க்க. வாய்க்காலை ஒட்டிய வரிசைகளில் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. அந்த மண்ணுக்கு இன்னும் எத்தனை சுண்ணாம்போ, எத்தனை மழையோ. ஆனால் தள்ளிப் புதிதாக நட்ட வரிசைகள் கம்பத்தின் பாதி உயரம் ஏறிவிட்டன. வாய்க்காலில் ஒரு தவளையைக் கண்டு ராஜம்மா வீட்டையே கூப்பிட்டுக் காட்டினாள். தவளைக்கு அவ்வளவு மரியாதை நான் பார்த்ததில்லை.

இதைப் படித்துவிட்டுத் தொழிற்சாலை ஓரத்தில் நிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தண்ணீர் தெளிவாக இருந்தால் மயங்காதீர்கள். அதில் என்ன உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். குடை கொண்டுபோங்கள். மாலை வண்டிக்கு அரை மணி முன்னால் கிளம்புங்கள். ராஜம்மா சாப்பிடாமல் விடமாட்டாள்.

நான் கிளம்பும்போது பழைய எஸ்டேட்டிலிருந்து கூலிகளை மேய்க்கும் கங்காணியின் ஆள் வந்து நின்றான். "லயத்துல அறை காலியா இருக்கு, எப்ப வர்றீங்கன்னு கேட்டாரு" என்றான். சகலை கொடிக்காலுக்குள் போய், இளசாக ஒரு கவுளி வெற்றிலை கிள்ளி, வாழைநாரால் கட்டி அவன் கையில் கொடுத்தார்.

"இதை அவர்கிட்ட கொடு. வேணும்னா இன்னும் இருக்குன்னு சொல்லு."