மேலே சரி, கீழே ஆடுகிறது

அவளுக்குப் பல்லக்கா என்று முதலில் பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார், கூரியர்காரரும் அப்படித்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் கணவர்கூட வீட்டில் சண்டை வந்தால், "பல்லக்கா, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்பார். அதற்குப் பிறகு சண்டை எங்கே நடக்கும்?

பத்தொன்பது வயதில் பல் ஆஸ்பத்திரியில் தட்டுக் கழுவ வந்தவள். கழுவிக்கொண்டே வேடிக்கை பார்த்தாள், வேடிக்கை பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டாள். இருபத்தாறு வருஷமாகப் பின்னறையில் பல் செட்டு செய்கிறாள். துண்டு அகலத்துக்கு ஒரு ஜன்னல், மெழுகு உருக்க ஒரு விளக்கு, தேய்க்கவும் மெருகேற்றவும் ஒரு சின்ன மோட்டார், சுவர் முழுக்க நம்பர் போட்ட பிளாஸ்டர் தாடைகள். அந்த ஊரில் பாதிப் பேரின் வாய் அவளுக்கு அத்துப்படி. முகம்தான் தெரியாது. கடையில் பக்கத்தில் நின்றாலும் ஆளை அடையாளம் தெரியாது, சிரித்தால் சட்டென்று தெரிந்துவிடும்.

கவிஞர் அங்கே வந்தது ஏழு வருஷத்துக்கு முன்னால். அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. பல்லெல்லாம் எடுத்துவிட்டுப் புது செட்டு மாட்டியிருந்தார்கள். "பழகப் பழகச் சரியாயிடும்" என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். மூன்றாவது தடவை கவிஞர் போட்ட சத்தம் பின்னறை வரை கேட்டது. டாக்டருக்கு வேறு வழி தெரியவில்லை, பல்லக்காவை முன்னால் கூப்பிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எங்க இடிக்குதுங்க ஐயா?"

"எங்கயும் இடிக்கலம்மா. ழகரம் வரல. மழைன்னு சொன்னா மளைன்னு விழுது. நாப்பது வருஷமா மழையைப் பத்தி எழுதிட்டிருக்கேன், இப்ப மேடையில ஏறி மளைன்னு சொன்னா சனங்க சிரிக்க மாட்டாங்களா?"

பல்லக்கா சிரிக்கவில்லை. செட்டை வாங்கிக் கழுவி, நாக்கைப் பார்த்திருக்கும் பக்கத்தில் மெல்லிசாகப் பவுடர் தூவினாள். திரும்ப மாட்டச் சொல்லி, "மழைன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க" என்றாள். கழற்றிப் பார்த்தால், நாக்கு பட்ட இடத்தில் மட்டும் பவுடர் அழிந்திருந்தது. அந்த இடத்தைத் தேய்த்து மெல்லிசாக்கினாள். மறுபடி பவுடர், மறுபடி மழை. நாலாவது முறை அவர் வாயிலிருந்து ழகரம் வழுக்கிக்கொண்டு வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சோதித்துப் பார்க்க, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அப்போதுதான் எழுதிய கவிதையை முழுசாகப் படித்தார்.

"மூணாவது வரியில மறுபடியும் தடுக்குதுங்களே" என்றாள் பல்லக்கா.

"பல்லுதானே?"

"இல்லைங்க ஐயா. பல்லு நல்லாத்தான் இருக்கு. அந்த வரிதான் தடுக்குது."

டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கவிஞர் அந்த வரியை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அதை அடித்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

அப்படித்தான் அவள் வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். பேக்கரிக்கு மேலே ஓர் அறை. பேக்கரிக்காரரும் மாணவர் என்பதால் அறையைச் சும்மா விட்டிருந்தார். கணக்கு டீச்சர் ஒருவர், இன்னும் ஆறேழு பேர். அவள் ஒரு பழைய நோட்டில் யாருக்கும் தெரியாமல் நிலாவையும் மழையையும் பற்றி எழுதி வைத்திருந்தாள். முதல் நாளே கவிஞர் அதைப் பிரித்து, முதல் வரியை அடித்தார். "இது தொண்டையைச் செருமுற வரி. பேச்சு ரெண்டாவது வரியிலதான் ஆரம்பிக்குது." அதற்கப்புறம், "'அழகான நிலா'ன்னு நீங்களே முடிவு பண்ணிட்டா படிக்கிறவங்க என்ன பண்றது? சும்மா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதா?" எதைப் படித்தாலும் கடைசியில் ஒரே கேள்விதான். "தினமும் அத்தனை வாயைப் பாக்குறீங்க. அதைப் பத்தி ஏன் ஒரு வரிகூட இல்லை?"

"அதுல என்னங்க ஐயா இருக்கு? வெறும் வேலை."

அவர் பதில் சொல்லமாட்டார். சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவள் செய்ததுதான் என்பதால் அவளுக்கு அதோடு சண்டை போட மனம் வராது.

கவிஞருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. செட்டு வாயில் இல்லாதபோது ஒரு வார்த்தை பேசமாட்டார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்னறைக்கு வருவார், செட்டைக் கழற்றி அவள் கையில் கொடுப்பார். அவள் தேய்த்து முடிக்கும் வரை அவள் நோட்டைப் படித்துக்கொண்டிருப்பார். சொல்ல வேண்டியதையெல்லாம் மேசையில் கிடக்கும் வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி நகர்த்துவார். அவள் மோட்டாரை நிறுத்தாமலே படித்துத் தலையாட்டுவாள். அந்தச் சீட்டுகளைத் தூக்கிப்போட மனமில்லாமல், மெழுகுக்கட்டி வந்த அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தாள்.

போன வருஷம் கவிஞர் சாதாரணக் காய்ச்சல் என்று பெரியாஸ்பத்திரிக்குப் போனார். நாலு நாள்தான். ஐந்தாம் நாள் காலை, அவள் விளக்கைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கவிஞரின் மகள். வேறு ஊரில் வேலை பார்க்கிறவள். பல்லக்கா அவளை அதற்குமுன் ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள்.

"அக்கா... அப்பா போயிட்டாரு. அவருக்குப் பல்லு மாட்டணும். நாங்க போட்டுப் பார்த்தோம், முடியல. எல்லாரும் இப்படியே பாக்க வந்தா அப்பாவுக்குப் பிடிக்காது. நீங்க கொஞ்சம் வரமுடியுமா?"

டாக்டரிடம் சொல்லிவிட்டு, கையிலிருந்த மெழுகோடு அப்படியே கிளம்பினாள். கணவர் வேனிலேயே கொண்டுபோய் விட்டார். அவள் இறங்கும்போது, "நான் இங்கயே நிக்கிறேன், மெதுவா வா" என்றார்.

மகள் கவிஞரின் வீட்டு வாசலில் ஒரு கண்ணாடித் தம்ளரோடு நின்றிருந்தாள். தண்ணீருக்குள் செட்டு கிடந்தது. பல்லக்கா எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஆறு வருஷமாக அந்த வாயை அவளுக்குத் தெரியும். அந்த முகத்தை இன்றுதான் முதல் தடவையாகத் தொடுகிறாள். வெதுவெதுப்பான துணியால் தாடையை மெல்ல நீவிவிட்டாள். மேல் செட்டு முதலில் உட்கார்ந்தது. கீழ் செட்டு உட்கார நேரமானது. பிறகு உதட்டைச் சேர்த்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். ஏதோ ஒரு வரியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்கிற மாதிரி இருந்தார்.

மகள் உள்ளே வந்து பார்த்தாள். "அப்பா வந்துட்டாரு" என்று சொல்லி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். பல்லக்காவுக்கு அழுகை வரவில்லை. வேனில் ஏறி, கணவர் தண்ணீர் பாட்டிலை நீட்டிய பிறகுதான் வந்தது. வந்ததும் நிற்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் பெரிய பெரிய ஆட்கள் பேசினார்கள். மாபெரும் கவி, ஈடு இணையற்ற இழப்பு. ஒவ்வொரு அடைமொழி வரும்போதும் கணக்கு டீச்சர் பல்லக்காவின் முழங்கையை இடித்தார். "உயிரோட இருந்திருந்தா இதுல பாதியை அடிச்சிருப்பாரு."

"முக்கால்வாசி" என்றார் பேக்கரிக்காரர்.

அதற்குப் பிறகு நாலு மாதம் வகுப்பு நடக்கவில்லை. பல்லக்கா நோட்டைத் திறக்கவேயில்லை. வேலை உண்டு, வீடு உண்டு என்று இருந்தாள். ஒருநாள் மகள் பேக்கரி மாடிக்கு எல்லோரையும் வரச்சொன்னாள். அப்பா வகுப்பில் சொன்னதையெல்லாம் திரட்டி ஒரு சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று அவளுக்கு ஆசை. ஆனால் அவர் பாடம் எதையும் எழுதி வைக்கவில்லை.

"அடைமொழியே கூடாதுன்னு சொன்னாரு" என்றார் கணக்கு டீச்சர்.

"இல்லவே இல்லை. ஒண்ணு வெச்சுக்கலாம்னாரு" என்றார் பேக்கரிக்காரர்.

"எனக்கு ஞாபகம் இருக்கு சார்."

"எனக்கும் காது இருக்கு டீச்சர்."

அரை மணி நேரம் இப்படியே போனது. மகளின் நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. அவள் முகம் வாடுவதைப் பார்த்துப் பல்லக்கா எழுந்தாள். "கொஞ்சம் இருங்க" என்று தெருவைத் தாண்டி ஓடி, ஆஸ்பத்திரியிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்துவந்து மேசையில் கவிழ்த்தாள். நாற்பத்தொரு சீட்டுகள். அப்பாவின் கையெழுத்தைப் பார்த்ததும் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கணக்கு டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"'அழுகிறவளைக் காட்டுங்கள். அழுகையை நான் பார்த்துக்கொள்கிறேன்.' ஆகா! எழுதிக்கோம்மா. அடுத்தது, 'நடுவில் கனமாக இருக்கிறது.' இதுவும் பிரமாதம். கவிதைக்கு நடுவுல பாரம் கூடக்கூடாதுங்கிறாரு."

"டீச்சர், அது பல்லு" என்றாள் பல்லக்கா.

"எது?"

"அண்ணத்துல கனமா இருந்துச்சு. நான் தேய்ச்சுக் கொடுத்தேன்."

டீச்சர் சீட்டைத் தனியாக வைத்தார். அடுத்ததை எடுத்தார். "'அவசரப்பட்டு முடித்திருக்கிறீர்கள்.' இது?"

"அது கவிதை."

"'இரண்டாவதற்குப் பிறகு எல்லாமே உறுத்துகிறது.'"

பல்லக்கா யோசித்தாள். இரண்டாவது வரியா, இரண்டாவது பல்லா? "தெரியலைங்க."

"'மேலே சரி, கீழே ஆடுகிறது.'"

"அதுவும்... எனக்கே தெரியலை. அன்னைக்குப் பல்லு, கவிதை ரெண்டையும்தான் சரி பண்ணினேன்."

பேக்கரிக்காரருக்குத்தான் முதலில் வெடித்தது. அடக்கப் பார்த்து, இருமி, கடைசியில் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். டீச்சர் முறைக்கப் போய் முடியாமல் சிரித்தார். மகளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நாலு மாசமா நான் சிரிக்கவே இல்லைக்கா" என்றாள். பிறகு தீர்மானமாக, "ஒண்ணையும் பிரிக்க வேணாம். எல்லாத்தையும் அப்படியே போடுவோம். பல்வலியும் அப்பாவோடதுதானே" என்றாள்.

அப்படியே போட்டார்கள். கையடக்கப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு சீட்டு. புத்தகத்துக்கு முன்னால் பல்லக்கா நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று மகள் கேட்டாள். ஐந்து நாள் உட்கார்ந்தாள். "என் வாழ்வில் ஒளியேற்றிய" என்று ஆரம்பித்துத் தானே அடித்தாள். "ஆழ்ந்த துயரத்துடன்" என்று ஆரம்பித்து அதையும் அடித்தாள். ஆறாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், பிளாஸ்டர் தாடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சும்மா நடந்ததை எழுதினாள்.

*மகள் தம்ளரை நீட்டினாள்.*
*நான் வாங்கிக்கொண்டேன்.*
*இருவரும் தண்ணீரையே*
*பார்த்துக்கொண்டிருந்தோம்.*

அதற்கு மேல் இரண்டு பக்கம் நிற்காமல் ஓடியது. கதவைச் சாத்தியது, துணி, தாடை, வேன், பாட்டில். உரக்கப் படித்துப் பார்த்தாள். ஓரிடத்திலும் நாக்கு இடறவில்லை. கணவரிடம் வேனில் வைத்துப் படித்துக் காட்டினாள். "நான் பாட்டிலை நீட்டினதைக்கூட எழுதியிருக்கியே" என்றார். மறுநாள் அதை மற்ற வேன் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டியதாகக் கேள்வி.

இப்போது அவள் வாய்களைப் பற்றித்தான் எழுதுகிறாள். புது செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் முதன்முதலாகக் கடன்காரர்கள் மாதிரி தயங்கி நிற்கிறவர்கள், ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்கப் பயப்படுகிறவர்கள். அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகவே, செட்டு மாட்டும் நேரத்தில் தானாக முன்னறைக்கு வருகிறாள். டாக்டர் முதலில் ஆச்சரியப்பட்டார், அப்புறம் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்.

வகுப்பு மறுபடி நடக்கிறது. யாரும் ஆசிரியர் இல்லை. வாரம் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கிறார்கள். புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை, இந்த ஊருக்கே மாறி வந்துவிட்ட கவிஞரின் மகள், பிறந்ததிலிருந்து ஒரு வரி எழுதாதவள், மடித்த தாளோடு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா இருக்கும்போது கூச்சமா இருந்துச்சு. சிரிக்கக்கூடாது" என்றாள்.

"சிரிக்க மாட்டோம், ஆனா சண்டை போடுவோம்" என்றார் கணக்கு டீச்சர்.

கீழே ரொட்டி வெந்துகொண்டிருந்த வாசனை மாடிக்கு வந்தது. பேக்கரிக்காரர் எழுந்து ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பல்லக்கா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "படிம்மா" என்றாள்.