பூவிழி சொன்ன சிவப்பு

ஜமுனாமரத்தூரில் மைக்செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுகிற அருணகிரிக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலிருந்தே இரண்டும் அவன் கண்ணுக்கு ஒரே வாடிய மஞ்சள். லைட்டுக்காரனுக்குக் கலர் தெரியாது என்று தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்? கட்டிய மனைவி பூவிழியிடம்கூட அவன் வாய் திறந்ததில்லை.

எல்இடி வளையங்கள் கைக்கு வந்தபோது ஏதோ வரம் கிடைத்தது போலிருந்தது. உள்ளங்கை அகல வளையம், சுற்றிலும் மிளகு அளவு விளக்குகள். லேப்டாப்பில் எண்களை எழுதித் தீப்பெட்டி அளவு போர்டில் ஏற்றிவிட்டால், ஒவ்வொரு விளக்கும் சொன்ன கலரில் எரியும். சிவப்புக்கு ஓர் எண், பச்சைக்கு ஓர் எண், நீலத்துக்கு ஓர் எண். கண்ணே தேவையில்லை. யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டான்.

நெல்லிவாசல்நாட்டில் சின்னக்குழந்தை என்பவரின் மகளுக்குக் கல்யாணம். மணமேடைக்குப் பின்னால் மூங்கில் வளைவு நிறைய வளையங்கள் கட்டி, செம்பருத்திச் சிவப்பில் வேண்டும் என்று கேட்டிருந்தார். பொழுது சாய்ந்து பனி இறங்குகிற நேரம் அருணகிரி ஸ்விட்சைப் போட்டான். வெளிச்சம் பூப்போல விரிந்து சுழன்றது.

"செவப்பு கேட்டா இன்னாப்பா இது? ஏரிக்குள்ள உக்காந்த மாதிரி கீது!" என்றார் சின்னக்குழந்தை.

கூடமாட உதவிக்கு வந்திருந்த பூவிழி அருகில் வந்து கிசுகிசுத்தாள். "இன்னாங்க, பச்சையா எரியுது."

"செவப்புதான் போட்டிருக்கேன். நல்லா பாரு."

அவள் விளக்கைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். சந்தையில் அவன் காய்த் தக்காளியாகப் பொறுக்கி வந்த நாட்களெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"எப்பலருந்து?"

"பொறந்ததுலருந்தே."

"எங்கிட்ட சொன்னா இன்னா, வூட்ட வுட்டு ஓடிப்பூடுவனா?" என்றவள், சின்னக்குழந்தை பக்கம் திரும்பி, "கொஞ்சம் இருங்கண்ணா, இப்ப மாறிடும்" என்றாள்.

அருணகிரி லேப்டாப்பைத் திறந்தான். இந்த வளையங்கள் பச்சைக்கான எண்ணை முதலில் வாங்கிக்கொள்ளும் ரகம். அவனோ சிவப்பை முதலில் எழுதியிருந்தான். வரிசையை மாற்றி ஏற்றினான். அவன் பார்வையில் எதுவும் மாறவில்லை.

"இப்ப?"

பூவிழி மணமேடையை ஏறிட்டுப் பார்த்தாள். "பொண்ணு மூஞ்சியெல்லாம் செவந்துடுச்சு. பனி கூட செவப்பு. பந்தலே சாயங்கால மேகத்துக்குள்ள மெதக்குற மாதிரி கீது."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த மேகம் உடம்பெங்கும் வெதுவெதுப்பாகப் படர்ந்தது. அதுநாள்வரை சிவப்பு என்பது அவனுக்கு வெறும் சொல்.

இப்போது எந்த வேலைக்கும் இருவரும் சேர்ந்தே போகிறார்கள். தள்ளி நின்று அவள் கலர் சொல்ல, அவன் எண்ணைத் திருத்துகிறான். ஒரு மாலை வீட்டு வாசலில் ஒரு வளையத்தை நீலமாக ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "ஒங்களுக்கு இது எப்பிடிங்க தெரியுது?"

"நீலத்துலயே எத்தினியோ நீலம் தெரியுது. ஓரத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு. நெழலு வுழற எடத்துல ஒண்ணு."

அவள் கன்னத்தில் கை வைத்து, அந்த நீலங்களை வளையத்தில் தேடியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.