கக்கத்தில் வந்த கன்று

ஊரில் இருக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இந்த மயிலாப்பூரில் மாடே வாசலுக்கு வந்து, கண்ணெதிரே பால் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறது. கன்று மட்டும் நடந்து வருவதில்லை. பால்காரர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார். டிராமைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டு வருஷமாக நான் இதைக் கவனித்ததில்லை. இப்போது மனைவிக்குப் பால் வற்றிவிட்டது. மூன்று மாதப் பெண் குழந்தை கத்திய கத்தலில், சொம்பை எடுத்துக்கொண்டு நானே வாசலுக்கு ஓடினேன்.

பால்காரர் கன்றைக் கீழே நிறுத்தினார். வெறும் தோல், உள்ளே வைக்கோல். மாடு அதை நக்கத் தொடங்கியது.

"என்னய்யா இது?" என்றேன்.

"கன்னுக்குட்டி செத்துப்பூட்ச்சி சாமி. இத்த நக்குனாத்தான் பால் சொரக்கும்."

எனக்குக் கை நீளவில்லை. தாத்தா காலத்தில் எங்கள் வீட்டில் மூன்று காம்பு நமக்கு, நாலாவது கன்றுக்கு. ஒரு வருஷம் கன்று செத்துப்போக, இனி நமக்கும் அந்தப் பாலில் உரிமை இல்லை என்று கறவையையே நிறுத்திவிட்டாராம். கைக்குழந்தையாயிருந்த என் அப்பா கேழ்வரகுக் கஞ்சியில் வளர்ந்தார். இந்தக் கதையை ஆபீஸில் எத்தனையோ தடவை சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன்.

தாத்தாவின் பேச்சில் கால்வாசியாவது மிஞ்சட்டும் என்று, "ஒரு காம்பை விட்டுவிடுமய்யா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்கு சாமி வுடறது? மடி வீங்கிக்கினு மாடு துடிக்கும்."

குழந்தையோடு கதவருகில் நின்ற மனைவிக்கு என் தயக்கம் புரிந்துவிட்டது. "உங்க தாத்தா பெருமையெல்லாம் சரி. கஞ்சி குடிச்ச குழந்தையை யாராவது கேட்டாங்களா?" என்றாள்.

அப்பாவின் கால்கள் நினைவுக்கு வந்தன. மெலிந்து வளைந்த கால்கள். வரப்பு ஏறும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கால்களை அந்தக் கதையோடு நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. சொம்பை நீட்டினேன். நாலு காம்பையும் கறந்தார்.

குழந்தை வயிறாரக் குடித்துத் தூங்கிற்று. பேத்திக்கு நல்ல பசும்பால் கிடைக்கிறது என்று ஊரிலிருக்கும் அம்மாவுக்கு எழுதினேன். கன்றைப் பற்றி எழுதவில்லை.

அம்மாவின் பதில் வந்தது. எப்போதும் போல, பிரிப்பதற்கு முன் எங்கள் தொழுவத்து வாசனை வருகிறதா என்று காகிதத்தை முகர்ந்து பார்த்தேன். தாத்தாவின் தொழுவம் இடிந்து மண்ணாகிப் பல வருஷமாயிற்று என்று எனக்குத் தெரியும். உள்ளே இருப்பது வைக்கோல் என்று அந்த மாட்டுக்கும் தெரியாமலா இருக்கும்? தினமும் நக்கிக்கொண்டுதான் இருக்கிறது.