கொழும்புக்கு ஒரு மணி நேரம்

எங்கள் அத்தாவுக்குக் கொழும்பில் சின்னதாக ஒரு துணிக்கடை. நாங்கள் குடவாசலில். நடுவில் எவ்வளவு தூரம் என்று நான் கேட்கப்போய், மாமாதான் அந்த வம்பை ஆரம்பித்து வைத்தார். திருச்சியில் பிளேன் ஏறினால் கொழும்புக்கு இருநூற்றைம்பது மைல், ஒரு மணி நேரம்தான். நம் ஊரிலிருந்து பஸ் பிடித்துத் திருச்சி போய்ச் சேர்வதற்குள்தான் பாதிப் பகல் போய்விடும் என்றார். ஆக, திருச்சியைவிடக் கொழும்புதான் நமக்குப் பக்கம். அவர் சிரிப்புக்குச் சொன்னார். நான் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டேன்.

அப்படியானால் அத்தா வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாமே என்று அம்மாவைக் குடைந்தேன். வருவாங்க, வருவாங்க என்று சொல்லிவிட்டு அம்மா வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சகன் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றை நடுவில் வைத்துச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் சாப்பிட வேண்டும். அம்மா, அக்கா, நான். நாலாவது பக்கம் அத்தாவுக்கு. மாமா அங்கே உட்காரப் பார்த்தால் அழுது ஊரைக் கூட்டிவிடுவேன். கடைசியில் அந்தப் பங்கு மட்டும் ஆறிப்போய் அப்படியே இருக்கும். ஒரு பருக்கை சிந்தினாலும் முதுகில் வைக்கிற அம்மா, அதைச் சத்தமில்லாமல் எடுத்துக் கோழிகளுக்குப் போடுவார். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வராமல் இருக்கிறாரே என்று எனக்கு அத்தாமேல் அப்படி ஓர் ஆத்திரம். அதைவிட ஏக்கம்.

ஒருநாள், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அத்தா வரப்போவதாகச் சேதி சொன்னார். அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று அக்காவுக்கு நான்தான் விளக்கம் சொன்னேன்.

மாமாவோடு திருச்சிக்குக் கிளம்பினேன். அறுபத்தேழில் ஆட்சி மாறியும் அறுவடைக் கூலிச் சண்டை ஓயாத வருஷங்கள் அவை. அய்யம்பேட்டை தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ஆணும் பெண்ணுமாக அரிவாளோடு சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் நிதானமாகப் பீடி பற்றவைத்தார். அத்தா கடலையே தாண்டிக்கொண்டிருப்பார், நான் இங்கே வயலைத் தாண்ட முடியாமல் கிடக்கிறேன். எங்கள் அத்தா வந்துவிடுவார், வழி விடுங்கள் என்று ஜன்னல் வழியாகக் கெஞ்சினேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க போயிடப் போறாரு பாப்பா? இருப்பாரு."

இருந்தார். விமான நிலையத்துக்கு வெளியே, ஒரே ஒரு பெட்டியோடு, மரத்தடியில்.

"விசாவ நீட்டிக்க மாட்டேன்னுட்டாங்க மச்சான்," என்றார் மாமாவிடம். "இனிமே போக முடியாது."

எனக்குக் கடைசி வார்த்தைகள் மட்டும்தான் காதில் விழுந்தன. அங்கேயே குதித்தேன். ஒருமுறை வெளியே வந்தால் திரும்பப் போக விடமாட்டார்களோ என்ற பயத்தில்தான் அத்தனை வருஷமும் அவர் வராமல் இருந்தார் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துக் கேள்விப்பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அத்தா தன் பக்கத்துச் சோற்றைச் சுத்தமாகச் சாப்பிட்டு முடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் விழ ஆரம்பித்தது. பாதியில் கையை நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒரு மணி நேரந்தாம்மா," என்பார் என்னிடம்.

என் கணக்கைத்தான் ஒப்புக்கொள்கிறார் என்று எனக்குத் தலைகால் புரியாது.

"நான் அப்பவே சொன்னேன்ல அத்தா?" என்பேன்.