வாசலில் ஆள் பிடிப்பவன் எங்கே சாப்பிடுகிறான்?

ரோமில் பாந்தியன் என்கிற பழைய கோயிலுக்குப் பின்பக்கம் திரும்புகிற சந்தில் 'நீரோவின் அடுப்பு' என்று ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. நீரோ ஊரையே எரித்தான் என்பார்கள். இந்தக் கடைக்காரன் க்விரீனோ பாஸ்தாவை மட்டும்தான் எரித்தான், அந்த மட்டுக்கும் நல்லவன். கடை வாசலில் நின்று, போகிற வெளியூர்க்காரர்களை மடக்கி உள்ளே அனுப்புவதுதான் எஜீதியோவின் உத்தியோகம். ஒரு கையில் படம் போட்ட விலை அட்டை, தோளில் ரோமாபுரிச் சிப்பாய் போலச் சிவப்புப் போர்வை. ஐம்பத்தைந்து வயதில், அவ்வளவு பெரிய தொந்தியோடு அந்தப் போர்வையைப் போட்டுக்கொண்டு நிற்கிற சிப்பாயைப் பார்த்திருந்தால் எதிரிகள் சிரித்தே செத்திருப்பார்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பெண்களின் உள்ளாடை விற்றுக்கொண்டிருந்தான். தொண்டை அப்படிப்பட்ட தொண்டை. அவன் அளவு சொல்லிக் கூவினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிற கன்னியாஸ்திரீகூட ஒரு நிமிஷம் நின்று யோசிப்பாள். க்விரீனோ ஒருநாள் அந்த வழியாகப் போனவன், பாடி விற்கத் தெரிந்தவனுக்குப் பாஸ்தா விற்கத் தெரியாதா என்று அங்கேயே பேசி முடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

எஜீதியோவுக்குப் பல பாஷைகள் தெரியும், ஒவ்வொன்றிலும் மூன்று வாக்கியம். உள்ளே வாங்க, இன்று காலையில் பிசைந்தது, உட்கார இடம் இருக்கிறது. கொரிய பாஷையில் அவன் சொல்லிக்கொண்டிருந்தது, 'உங்கள் சித்தப்பாவை இன்று காலையில் பிசைந்தோம்' என்று அர்த்தமாகும் என ஒரு கொரியப் பெண் விளக்கிவிட்டுப் போனாள். அவன் திருத்திக்கொள்ளவில்லை. அந்த வாக்கியத்துக்குத்தான் கூட்டம் வந்தது.

பிசைந்தது என்பதும் பொய்தான். பாஸ்தா பையில் வந்தது, லசான்யா பெட்டியில் வந்தது. அடுப்படியில் நின்றவன் க்விரீனோவின் மச்சான், அதற்கு முன் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன். முட்டையும் பன்றிக் கன்னத்து இறைச்சியும் ஆட்டுப்பால் சீஸும் மட்டும் போட்டுச் செய்ய வேண்டிய கார்போனாராவில் அவன் க்ரீமை ஊற்றினான். ரோமில் இதைவிடச் சின்னப் பாவங்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுப் பாதிரியார் முன் மண்டியிடுவார்கள்.

கடையில் வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு இலவசம். எஜீதியோ ஒரு வாய்கூட வைத்ததில்லை. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் போர்வையை மடித்து இடுக்கிக்கொண்டு, வந்தாலும் வரும் வராவிட்டாலும் போகும் என்கிற ரோம் நகரப் பஸ்ஸைப் பிடித்து, பழைய கசாப்புக்கூடம் இருந்த தெஸ்தாச்சோ பேட்டைக்குப் போவான். அங்கே இவானாவின் கடை. இவானா அறுபதைத் தாண்டிய கைம்பெண். அவள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, விலை அட்டை கிடையாது. அவளே வந்து மேசை முன் நின்று இன்றைக்கு என்ன என்று சொல்வாள். வியாழக்கிழமை உருளைக்கிழங்கைப் பிசைந்து உருட்டி வேகவைத்த ஞோக்கி, சனிக்கிழமை புதினா போட்ட மாட்டுக் குடல். சனிக்கிழமைப் பண்டத்தை வியாழக்கிழமை கேட்டால், கல்யாணத்தில் கருமாதிப் பாட்டுப் பாடச் சொன்னவனைப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

இந்தச் சாப்பாட்டு விஷயம் எஜீதியோவின் மனைவி நிவெஸுக்குத் தெரியாது. நிவெஸ் டிராம் ஓட்டுகிறவள். அவள் ஓட்டுகிற டிராமில் ஏறினவர்கள் பத்திரமாக இறங்குவார்கள். அவள் சமைத்ததைத் தின்றவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஸ்பகெட்டி ஒரே கட்டியாகத் தட்டில் விழும். கத்தியால் அறுத்துத்தான் பங்கு வைக்க வேண்டும். எஜீதியோ தினமும் க்விரீனோவின் கடையில்தான் தின்று தொலைக்கிறான் என்று அவள் நம்பியிருந்தாள். பாவம் மனுஷன், ராத்திரிக்காவது வீட்டுச் சாப்பாடு கிடைக்கட்டும் என்று வேலை முடிந்து வந்த அலுப்போடு அடுப்பைப் பற்றவைப்பாள். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டு, கடையிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்பான். அவளுக்கு இன்னும் பரிதாபம் கூடும். மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சமைப்பாள். இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அதைக் கெடுத்தது தூரினிலிருந்து வந்த க்ளேலியா என்கிற பெண்மணி. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். ரோமில் நல்ல பழைய சாப்பாடு சாப்பிட வேண்டும் என்றே வந்தவர், வந்ததிலிருந்து ஏமாந்துகொண்டிருந்தார். ஒரு கடையில் ஆர்டிசோக் என்கிற கூனைப்பூக் கறி டப்பாவிலிருந்து வந்தது. இன்னொன்றில் வயலின் வாசித்தார்கள். வயலின் வாசிக்கிற கடையில் சமையல்காரன் இருக்க மாட்டான் என்பது அவருடைய அனுபவம். அந்த எரிச்சலோடுதான் 'நீரோவின் அடுப்பு' வாசலில் வந்து நின்று விலை அட்டையைப் படித்தார்.

"இந்தக் கார்போனாராவுல க்ரீம் ஊத்துவீங்களா?" என்று கேட்டார்.

எஜீதியோ அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ஊத்துவோம்னா வருவீங்களா, ஊத்த மாட்டோம்னா வருவீங்களா? அதைச் சொல்லுங்க மேடம், அதுக்குத் தகுந்த மாதிரி சொல்றேன்."

க்ளேலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நீங்க எங்க சாப்பிடுவீங்க?"

"இங்கதான். தினமும்."

அவர் கண் அவன் தொந்தியின் மேல் சற்று நேரம் நின்றது. "இது இந்தக் கடைச் சோத்துல வளர்ந்த தொந்தி இல்லையே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நகர்ந்தவர் போகவில்லை. எதிரே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்து காத்திருந்தார். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துப் பெட்டி பெட்டியாகத் துரத்திப் பிடித்த பெண்மணி அவர். எஜீதியோ போர்வையை மடித்துக்கொண்டு பஸ் ஏறியபோது அவரும் பின்கதவு வழியாக ஏறினார். அவன் இறங்கிய இடத்தில் இறங்கினார். இவானாவின் கடையில் அவனுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து, அவனுக்கு வைத்ததையே தனக்கும் வைக்கச் சொன்னார்.

அன்றைக்குக் கன்றுக்குட்டியின் குடலைத் தக்காளியில் வேகவைத்து ரிகத்தோனி என்கிற குழாய்ப் பாஸ்தாவோடு கலந்தது. எஜீதியோ கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தான். கண்ணைத் திறந்தபோது எதிரே க்ளேலியா. மெல்லுவதை நிறுத்தாமலே இரண்டு கையையும் கூப்பினான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்தார். செய்த கையோடு அவன் மறுபடி கண்ணை மூடின சமயம் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பது உண்மைதான். ரயில்வேயில் கூட வேலை பார்த்த சிநேகிதிகளுக்கு மட்டும் போனில் படத்தை அனுப்பினார். 'ஆள் பிடித்து "நீரோவின் அடுப்பு"க்குள் தள்ளுகிற ஆசாமி, தான் சாப்பிடுகிற இடம், தெஸ்தாச்சோவில் இவானா கடை' என்று கீழே ஒரு வரி. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களுக்குப் பொழுது நிறைய, பேரன் பேத்திகளின் போன் எண்களும் நிறைய. அந்த வாரம் முடிவதற்குள் எஜீதியோவின் மூடிய கண்களையும் காதுமடலில் ஒட்டியிருந்த தக்காளியையும் ஐரோப்பாவே பார்த்துவிட்டது.

முதலில் கூப்பிட்டது க்விரீனோ. போனை நீட்டி, "நான் உனக்கு எதுக்குய்யா சம்பளம் குடுக்கிறேன்?" என்றான்.

"உள்ள தள்ளுறதுக்கு."

"எவ கடைக்கு உள்ளயோ தள்ளியிருக்கியே."

எஜீதியோ அங்கேயே, நடுத்தெருவில், போர்வையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு நடந்தான். உள்ளே உட்கார்ந்திருந்த ஜெர்மன்காரர்கள் அதுவும் ஏதோ நிகழ்ச்சி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அன்றைக்கு அவனுக்கு வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. இவானா கடைக்குத்தான் போனான். மாட்டு வால் குழம்பு தட்டில் வந்து ஆவி அடங்குவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு நிவெஸ் வந்தாள். டிராம் உடுப்போடு, சாவிக்கொத்தோடு. கடைசி நிறுத்தத்தில் ஒரு பயணி போனைக் காட்டி, இது உன் புருஷன்தானே என்று கேட்டிருக்கிறான்.

அவள் கத்தவில்லை. எதிரே உட்கார்ந்து, அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துச் சாப்பிட்டாள். எலும்பைக் கையில் எடுத்து உறிஞ்சினாள். ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றாள். அப்புறம்தான் பேசினாள்.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளாத்தான்."

அடுப்படியிலிருந்து இவானாவின் குரல் வந்தது. "என் கடையில உக்காந்துட்டுப் பொய் சொல்லாதடா. என் புருஷன் உசுரோட இருந்த காலத்துலேர்ந்து வரான்மா இவன்."

நிவெஸ் சாவிக்கொத்தை மேசை மேல் வைத்தாள். "அந்தப் பாவி கடைச் சோத்தைத் தின்னுட்டு வரியேன்னு, கால் வலிக்க வலிக்க நின்னு தினமும் சமைச்சேன். எனக்குச் சமைக்கவே பிடிக்காதுய்யா. உனக்காகத்தான் அந்தக் கருமத்தைப் பண்ணினேன்."

"நானும் உனக்காகத்தான் அதைத் தின்னேன்" என்றான் எஜீதியோ.

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. பக்கத்து மேசையில் இருந்த இறைச்சிக் கடைக்காரன் முகத்தைத் தட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டான். நிவெஸ் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சோறு நல்லா இல்லைன்னு சொல்லியிருந்தா நான் என்ன செத்தா போயிருப்பேன்? அது எனக்கே தெரியும். இவ்வளவு நல்ல சாப்பாட்டை என்னை விட்டுட்டுத் தனியா உக்காந்து தின்னிருக்க பாரு, அதான் எனக்கு ஆறல" என்றாள்.

எஜீதியோவின் அத்தனை பாஷைகளில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. எழுந்து போய் அவளுக்கு இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டு வந்து வைத்தான். அவள் அதையும் சாப்பிட்டாள். ஆனால் வீட்டுக்குப் போகிற வழி முழுக்கப் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. அன்றோடு அவர்கள் வீட்டில் அடுப்பு காப்பிக்கு மட்டும்தான் எரிந்தது.

இதற்குள் இவானாவின் கடை சந்தி சிரிக்கிற நிலைக்கு வந்திருந்தது. போனில் எஜீதியோவின் படத்தை வைத்துக்கொண்டு கும்பல் கும்பலாக வந்து கதவை இடித்தார்கள். மூன்று பேருக்கு ஒரு தட்டு கேட்டார்கள். மாட்டு வாலைத் தின்றுவிட்டு அதன் மேல், ரோம்காரர்கள் காலையில் மட்டும் குடிக்கிற பால் காப்பியைக் கேட்டார்கள். வழக்கமாக வருகிற பஸ் மெக்கானிக்குகளும் சந்தைக்காரர்களும் உட்கார இடமில்லாமல் நடைபாதையில் நின்று எஜீதியோவின் பரம்பரையையே வைதார்கள். ஒரு பெண் குடலை எடுத்துவிட்டுப் பாஸ்தாவை மட்டும் தரச் சொன்ன அன்று, இவானா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கூப்பிட்டனுப்பினாள்.

"உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான வராங்க? அந்த மூஞ்சிய வச்சே அவங்களத் திருப்பி அனுப்பு" என்று சொல்லி, வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டாள். சம்பளம் உண்டு, இரண்டு பேருக்குச் சாப்பாடும் உண்டு என்றாள். அந்த இரண்டாவது ஆள் யார் என்று, நிவெஸ் டிராம் உடுப்போடு வந்து உட்கார்ந்தபோதும், யாரும் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் சொதப்பினான். ஆளைப் பார்த்ததும் கை தானாக நீண்டது, வாய் தானாக இனித்தது. வெளியே அனுப்ப வேண்டிய ஒரு டச்சுக் குடும்பத்தை, குழந்தை குட்டி தள்ளுவண்டியோடு, தேனொழுகப் பேசி உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டான். இவானா அவனைப் பார்த்த பார்வையில் அவன் வேர்வை காய்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். உண்மையைச் சொல்வது. "குடல். கன்னுக்குட்டியோட குடல். அது குடிச்ச தாய்ப்பால் உள்ளயே தயிரா உறைஞ்சிருக்கும்" என்று, வந்தவரின் கண்ணைப் பார்த்து நிதானமாகச் சொல்வான். பாதிக் கூட்டம் அங்கேயே கலைந்துவிடும். முகம் வெளுக்காமல், எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்கிறவர்களை இவனுக்குப் பிடித்துப்போகும். இடம் இருந்தால் உள்ளே விடுவான். இல்லாவிட்டால் சந்தைக்குப் பின்னால் வாலுக்குப் பெயர்போன கடை, தேவாலயத்தை ஒட்டி வெள்ளிக்கிழமை கருவாட்டு மீனும் கொண்டைக்கடலையும் போடுகிற கடை என்று ஆளைப் பார்த்து அனுப்புவான். எந்தக் கடையில் எந்தக் கிழவனிடம் என்ன பேசக் கூடாது என்றும் சொல்லி அனுப்புவான். போனவர்கள் திரும்பி வரும்போது தெரு முனையிலிருந்தே வயிற்றைத் தடவிக் காட்டிவிட்டுப் போவார்கள். உள்ளாடை விற்ற காலத்திலிருந்து இத்தனை வருஷத்தில், தான் விற்றதைப் பற்றி யாரும் அவனுக்குத் திரும்பி வந்து நன்றி சொன்னதில்லை. அவனுக்கு அது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

க்விரீனோ நஷ்டப்பட்டான் என்று நினைத்தால் தப்பு. அவன் எஜீதியோவின் படத்தைப் பெரிதாக அச்சடித்து, தக்காளியோடு, தன் கடை வாசலிலேயே மாட்டினான். 'உலகப் புகழ்பெற்ற எஜீதியோ நின்ற வாசல்' என்று எழுதிவைத்தான். ஜனங்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, உள்ளே போய் க்ரீம் ஊற்றின கார்போனாராவைத் தின்றார்கள். இதில் எஜீதியோவுக்கு வருத்தம் ஏதுமில்லை. தொழில் தெரிந்தவன், பிழைத்துக்கொள்வான் என்றான்.

ஆகஸ்டில் இவானா கடையை மூடிக்கொண்டு கடற்கரைக்குப் போனபோது, எஜீதியோவும் நிவெஸும் தூரினுக்கு ரயில் ஏறினார்கள். நடந்ததற்கெல்லாம் பரிகாரமாக, தான் சாப்பிடுகிற இடத்தைக் காட்டுவதாக க்ளேலியா அழைத்திருந்தார். ஸ்டேஷனிலிருந்து அவர் சொன்ன முகவரிக்கு நடந்து போகிற வழியில், வளைவுத் தூண்களின் கீழ் ஒரு சாப்பாட்டுக் கடை. வாசலில் மீசைக்காரன் ஒருவன் படம் போட்ட அட்டையோடு நின்றிருந்தான். நிவெஸ் வேகமாகக் கடந்தாள். அந்த மீசைக்காரன் எஜீதியோவின் முழங்கையைப் பட்டும் படாமலும் தொட்டான். ஒரு வாக்கியம்தான் சொன்னான். குரலை எங்கே ஏற்ற வேண்டுமோ அங்கே ஏற்றி, எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டான்.

எஜீதியோ நின்றுவிட்டான்.

"வாய்யா, அந்தம்மா காத்திட்டிருக்கும்" என்றாள் நிவெஸ்.

"எவ்வளவு அழகாக் கூப்பிட்டான் பாத்தியா. உள்ள போகலன்னா அவனுக்கு அவமரியாதை" என்று சொல்லிக்கொண்டே அவன் நுழைந்துவிட்டான்.

ஆறிப்போன ரிசோத்தோ அரிசிக் கூழ் வந்தது, டப்பாக் காளான் போட்டது. இரண்டு பேரும் வழித்துத் தின்றார்கள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு க்ளேலியா சொன்ன கடைக்குப் போய், வேகவைத்த மாட்டிறைச்சியும் பச்சைச் சட்னியுமாக இரண்டாவது மத்தியானச் சாப்பாட்டை எதுவும் நடக்காதது போலச் சாப்பிட்டார்கள். இவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறீர்களே என்று க்ளேலியா வருத்தப்பட்டு இன்னும் ஒரு துண்டு வைத்தார். நிவெஸ் மேசைக்கு அடியில் பாவாடைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டாள். ரோம் வந்து சேரும் வரை இரண்டு பேரும் ரயிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள்.